வீட்டில் ஆக்சிஜன்: வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் ஆக்சிஜன் கருவியைப் பொருத்தி, அதை எப்படிக் கையாள்வது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கருவியை ஓட்டிக் காட்டப் பத்து நிமிடம் போதும். அதற்குப் பிறகு வரும் கேள்விகளுக்குத்தான் நேரம் பிடிக்கும். சில கேள்விகள் நள்ளிரவில் போனில் வரும். திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். இதில் உள்ளதும் உங்கள் மருத்துவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடத்தில் மருத்துவர் சொன்னதையே பிடித்துக்கொள்ளுங்கள். அவர் நோயாளியைப் பார்த்துச் சொல்கிறார், நான் பார்க்காமல் எழுதுகிறேன்.

ஆக்சிஜன் காற்றில் இருப்பதுதானே, கொஞ்சம் கூட்டி வைத்தால் என்ன கெட்டுவிடும்?

கெடும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடும்போது உள்ளே போவது ஏறத்தாழ 28 சதவீதம். ஒவ்வொரு லிட்டர் கூட்டும்போதும் சுமார் 4 சதவீதம் ஏறும். அளவு குறித்துக் கொடுக்கும் எந்த மருந்தையும் போலத்தான் இதுவும். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சீட்டில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், ஆக்சிமீட்டரில் (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் கருவி) எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் பல சீட்டுகளில் விட்டுப்போகிறது. கேட்டு எழுதி வாங்குங்கள்.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் வீட்டில் இதை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும். காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு ரத்தத்தைக் குறைத்து, நன்றாகப் போகும் பகுதிகளுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு நுரையீரலுக்கு உண்டு. ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் அது குலைந்துவிடும். வெளியேற வேண்டிய கார்பன் டை ஆக்சைடு ரத்தத்திலேயே தேங்கும். காலையில் எழும்போது தலைவலி, பகலெல்லாம் தூங்கி வழிவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், கையை நீட்டினால் படபடவென்று துடிப்பது எல்லாம் இதன் அறிகுறிகள்.

ஒரு வீட்டுக்குப் போனபோது பெரியவர் நாற்காலியிலேயே தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார். "ரெண்டு நாளா நல்லாத் தூங்குறார், 99 காட்டுது பாருங்க" என்று மகன் சந்தோஷமாக ஆக்சிமீட்டரைக் காட்டினார். ஆக்சிஜன் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று காட்டும் ஃப்ளோமீட்டரை நான் பார்த்தேன். 1 லிட்டரில் இருக்க வேண்டியது 4 லிட்டரில் இருந்தது. கூப்பிட்டதற்குக் கண்ணைத் திறந்தவர் மறுபடி மூடிக்கொண்டார். அவருக்கு வந்தது தூக்கமில்லை, மயக்கம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. 99 என்ற எண் அந்த வீட்டில் யாரையும் எச்சரிக்கவில்லை, ஏனென்றால் ஆக்சிமீட்டருக்குக் கார்பன் டை ஆக்சைடு தெரியாது.

சரி, எந்த எண் இருந்தால் நல்லது?

பொதுவாகப் பெரியவர்களுக்கு 94 முதல் 98. கார்பன் டை ஆக்சைடு தேங்கும் அபாயம் உள்ள சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு 88 முதல் 92. பக்கத்து வீட்டுக்காரருக்கு 96 இருக்கிறதே, நம் வீட்டில் 90தானே என்று கவலைப்பட வேண்டாம். உங்கள் நோயாளிக்குக் குறித்த எல்லைக்குள் இருந்தால் அதுதான் அவருக்கு நல்ல எண். அதை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கருவியின் மேலேயே ஒட்டிவிடுங்கள். இரவில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் வந்தாலும் குழப்பம் இருக்காது.

ஆக்சிமீட்டர் ஒரு நிமிடம் 88 காட்டுகிறது, அடுத்த நிமிடம் 94. எதை நம்புவது?

முதலில் சரியான எண்ணைத்தான் படிக்கிறோமா என்று பாருங்கள். திரையில் இரண்டு எண்கள் இருக்கும். சதவீதக் குறி உள்ளது ஆக்சிஜன், மற்றது நாடித்துடிப்பு. நாடித்துடிப்பு 82 என்பதை ஆக்சிஜன் 82 என்று படித்துவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்ட வீடு உண்டு. இன்னொன்று: விரலில் மாட்டிய கருவியை எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் 98 தலைகீழாக 86 என்று தெரியும். 89 தலைகீழாக 68 ஆகிவிடும். ஒரு காகிதத்தில் எழுதித் திருப்பிப் பாருங்கள், புரியும்.

அடுத்தது, அளக்கும் முறை. நடந்து வந்ததும் மாட்டாதீர்கள். ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சோ மருதாணிச் சாயமோ இல்லாத விரலாகப் பார்த்து, ஆட்காட்டி விரலிலோ நடுவிரலிலோ நகம் மேலே இருக்கும்படி மாட்டி, கையை நெஞ்சளவில் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். முதலில் வரும் எண்களை விட்டுவிடுங்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பொறுத்து, எண் ஒரு இடத்தில் நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். வெயிலோ பளிச்சென்ற விளக்கோ நேராக விரலில் விழக் கூடாது.

இந்தக் கருவி எப்படி அளக்கிறது என்று தெரிந்தால் இதெல்லாம் ஏன் என்பது தானாகவே விளங்கும். 1974இல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்டுபிடித்த முறை இது. விரல் வழியாகச் சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் செலுத்தப்படுகின்றன. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். சதை, எலும்பு, நகம் எல்லாம் ஒரே அளவாகத் தடுத்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்குவது தமனி ரத்தம் மட்டுமே. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்கிடுகிறது கருவி. ஆகவே துடிப்பு விரல் நுனிவரை நன்றாக வந்து சேர வேண்டும். குளிர்ந்த கையிலும் ஆடும் கையிலும் துடிப்பு கருவிக்குப் பிடிபடாது. கருவி காட்டும் நாடித்துடிப்பை மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிச் சரிபாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் ஆக்சிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம்.

நல்ல கருவிதான் வாங்கினோம். அப்போதும் தவறு வருமா?

வரும். எண் 2 புள்ளி அப்படி இப்படி இருப்பது சாதாரணம். 90 என்று காட்டும்போது உண்மை அளவு 86 முதல் 94 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் ஒரு தனி எண்ணைவிட, அதே கருவியில் நாலைந்து நாளாக எண் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் அதிகம் சொல்லும்.

நம்மில் பலரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தோல் நிறம் கறுப்பாக இருந்தால் ஆக்சிமீட்டர் உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தைச் சோதித்தார்கள். உண்மையில் 88க்குக் கீழே இறங்கியிருந்தவர்கள் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தார்கள். கறுத்த நிறமுள்ள நோயாளிக்கு எண் எல்லையின் விளிம்பில் நின்று, ஆளைப் பார்த்தால் சரியில்லை என்று பட்டால், எண்ணை வைத்துச் சமாதானம் அடையாதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

புகை சூழ்ந்த அறையில் இருந்தவருக்கும், புகைபிடிப்பவருக்கும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறியிருக்கும். கருவி அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொள்ளும். ரத்தசோகை இருந்தாலும் எண் நன்றாக இருக்கும். ஏற்றிச் செல்லும் வண்டிகள் குறைவு, ஆனால் இருக்கும் வண்டிகள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண் சரியாக இருக்கிறது, ஆனாலும் மூச்சு வாங்குகிறது என்கிறார். ஆக்சிஜனைக் கூட்டலாமா?

நீங்களாகக் கூட்டாதீர்கள். மூச்சுத்திணறலுக்குக் காரணம் எப்போதும் ஆக்சிஜன் குறைவுதான் என்பதில்லை. சளி அடைப்பு, இதயத்தில் நீர் கோத்தல், பயம், தசைச் சோர்வு என்று பல இருக்கலாம். நிமிர்ந்து உட்கார வைத்து, முழங்கைகளை மேசையிலோ தொடையிலோ ஊன்றிக்கொண்டு சற்று முன்னே சாயச் சொல்லுங்கள். மூக்கால் இழுத்து, விசிலடிப்பதுபோல உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நேரம் மெல்ல ஊதச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சேர்ந்து ஊதுங்கள். பத்து வார்த்தை சமாதானத்தைவிட அது உதவும். கொஞ்ச நேரத்தில் தணியவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். எண் நன்றாகக் குறைந்திருக்கும், நோயாளி சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். கோவிட் காலத்தில் இதை நிறையப் பார்த்தோம். சரியாக அளந்தும் எண் குறைவாகவே வந்தால், 'நல்லாத்தானே இருக்கார்' என்று விட்டுவிடக் கூடாது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போட வேண்டும்? மூச்சு வாங்கும்போது மட்டும் போதாதா?

எதற்காகக் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. சி.ஓ.பி.டி. முற்றி, உட்கார்ந்திருக்கும்போதே எண் 88 அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் என்று எழுதுவார்கள். 1980இல் அமெரிக்காவிலும் 1981இல் பிரிட்டனிலும் வெளியான இரண்டு ஆய்வுகள் இதற்கு அடிப்படை. நீண்ட நேரம் போட்டவர்கள் கூடுதல் காலம் உயிர் வாழ்ந்தார்கள். இரவுத் தூக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் 15 மணி நேரம் என்பது மலைப்பாக இருக்காது. மூச்சு வாங்கும்போது மட்டும் எடுத்து மாட்டி, தணிந்ததும் கழற்றி வைப்பதில் அந்தப் பலன் கிடைக்காது.

பழக்கமாகிவிடுமா? பிறகு அது இல்லாமல் இருக்கவே முடியாதாமே?

ஆக்சிஜனுக்கு அடிமையாவது என்று ஒன்று கிடையாது. நுரையீரலுக்குத் தேவை இருக்கும்வரை தேவைப்படும். இந்தப் பயத்தால் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு இதயத்தைக் கெடுத்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. ஆக்சிஜன் குறைவாகவே இருந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகி, இதயத்தின் வலப்பக்கம் அவற்றை எதிர்த்துத் தள்ளித் தள்ளி ஓய்ந்துபோகும். கால் வீக்கம் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது.

கான்சென்ட்ரேட்டரா, சிலிண்டரா?

தினமும் பல மணி நேரம் தேவை என்றால் கான்சென்ட்ரேட்டர். அறையின் காற்றை இழுத்து, ஜியோலைட் என்ற தாதுப்பொருளில் நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஏறத்தாழ 90 முதல் 96 சதவீத ஆக்சிஜனைத் தருகிறது. உள்ளே எதுவும் சேமிப்பில் இல்லை. காற்று தடையில்லாமல் போய்வர வேண்டும் என்பதால் சுவரையும் திரைச்சீலையையும் விட்டு ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று அலமாரிக்குள் வைத்து மூடக் கூடாது. நீளக் குழாய் போட்டு அடுத்த அறையில் வைக்கலாம், ஆனால் 15 மீட்டருக்கு மேல் போகாதீர்கள். பின்பக்கத்துப் பஞ்சு ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். நாலைந்து கருவிகள் தொங்கும் எக்ஸ்டென்ஷன் போர்டு வேண்டாம்.

ஃப்ளோமீட்டரில் மிதக்கும் குண்டைப் பார்க்கும்போது குனிந்து, கண்ணை அதே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். குண்டின் நடுப்பாகம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் அரை லிட்டர் தவறலாம்.

கரண்ட் போனால்?

கருவி வீட்டுக்கு வரும் நாளிலேயே யோசித்து வைக்க வேண்டிய கேள்வி. சிலிண்டர் ஒன்று நிரம்பிய நிலையில், அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் மாட்டி, தயாராக இருக்கட்டும். எத்தனை நேரம் தாங்கும் என்ற கணக்கு எளிது. சிலிண்டரின் கொள்ளளவை (லிட்டரில்), முள் காட்டும் அழுத்தத்தால் ('பார்' என்ற அலகில்) பெருக்கினால் உள்ளே எத்தனை லிட்டர் வாயு இருக்கிறது என்று தெரிந்துவிடும். 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டர் 150 பாரில் இருந்தால் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். முள் 75க்கு இறங்கியிருந்தால் அதில் பாதி. கடைசிச் சொட்டுவரை கணக்குப் போடாதீர்கள். கால் பங்கு இருக்கும்போதே மாற்றுச் சிலிண்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, சங்கிலியால் சுவரோடு கட்டுங்கள். விழுந்து வால்வு உடைந்தால் அது ஏவுகணைபோலப் பாயும். வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். இறுக்கமாக இருக்கிறதென்று ஒரு சொட்டு எண்ணெயோ கிரீஸோ விடவே கூடாது. அந்த அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் சந்தித்தால் நெருப்பில்லாமலே பற்றிக்கொள்ளும்.

தீப்பிடிக்குமா? ஆக்சிஜன் எரியாது என்று படித்தோமே.

அது எரியாதுதான், ஆனால் எரிவதை வெறிபிடித்ததுபோல் எரியச் செய்யும். சாதாரணக் காற்றில் கங்காகி அணைந்துபோகும் ஒரு பொறி, ஆக்சிஜன் ஊறிய துணியில் விழுந்தால் தீ நாக்காக எழும். ஊறிய என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். போர்வை, சட்டை, தலைமுடி, தாடி எல்லாவற்றிலும் ஆக்சிஜன் தங்கும். கழிவறைக்குப் போகும்போது குழாயைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டுப் போவார்கள். நான் ஒரு வீட்டில் தலையணையை எடுத்தபோது, அடியில் கிடந்த குழாய் சன்னமாகச் சீறிக்கொண்டிருந்தது. எத்தனை நேரமாக என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த மெத்தைக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சி போதும். கழற்றினால் கருவியையும் நிறுத்துங்கள்.

அடுப்பு, மெழுகுவத்தி, விளக்கு, ஹீட்டர் எதுவானாலும் மூன்று மீட்டர் தள்ளி. ஹேர் டிரையர், மின்சார ஷேவர் போன்றவற்றை ஆக்சிஜன் ஓடும்போது முகத்தருகே கொண்டுபோக வேண்டாம். கையில் சானிடைசர் தடவினால் முழுதும் காய்ந்த பிறகு குழாயைத் தொடுங்கள். அடுப்பருகே போக வேண்டியிருந்தால் குழாயைக் கழற்றி, கருவியை நிறுத்தி, திறந்த வெளியில் இருபது நிமிடமாவது இருந்துவிட்டுப் போகலாம்.

புகைபிடிப்பது பற்றிச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். மூக்கில் குழாயோடு சிகரெட் பற்றவைத்தவர்களின் முகமும் மூச்சுப்பாதையும் வெந்துபோவது மருத்துவமனைகளுக்குப் பழகிப்போன விபத்து. மின் சிகரெட்டிலும் இதே ஆபத்துதான். நோயாளி ஒளித்துவைத்துக் குடிக்கிறார் என்று சந்தேகம் வந்தால், சண்டை போடாமல் உட்காரவைத்துப் பேசுங்கள், மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். பல ஆண்டுப் பழக்கத்தை விட முடியாமல் தவிப்பவருக்கு வழிகள் உண்டு. வீட்டுக்கு வருபவர்களும் வெளியே போய்த்தான் பிடிக்க வேண்டும்.

மூக்கு வறண்டு ரத்தம் கசிகிறது. வாசலின் தடவலாமா?

வேண்டாம். பெட்ரோலியம் கலந்த களிம்பும் எண்ணெயும் ஆக்சிஜனுக்குப் பக்கத்தில் ஆகாது. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் அல்லது உப்புநீர் நேசல் ஸ்ப்ரே போதும். காதுக்குப் பின்னால் குழாய் அழுத்திப் புண்ணாகும் இடத்தில் மெல்லிய பஞ்சு சுற்றுங்கள். தினமும் அந்த இடத்தைப் பாருங்கள், ஏனென்றால் முதியவர்கள் பலர் வலியைச் சொல்ல மாட்டார்கள்.

ஆக்சிஜனை ஈரப்படுத்தும் பாட்டிலில் எந்தத் தண்ணீர்?

டிஸ்டில்டு வாட்டர், இல்லையென்றால் கொதிக்கவைத்து ஆறிய நீர். தினமும் பழையதைக் கொட்டி, கழுவி, இரண்டு கோடுகளுக்கும் நடுவே புதிதாக ஊற்றுங்கள். மிச்சத்தின் மேலேயே ஊற்றினால் கிருமி வளரும். ஆக்சிஜன் நிமிடத்துக்கு 4 லிட்டருக்குக் கீழே ஓடினால் பலருக்கு இந்தப் பாட்டிலே தேவைப்படாது.

குழாயில் எதுவும் வராததுபோல் இருக்கிறதே?

ஒரு டம்ளர் தண்ணீரில் மூக்கில் செருகும் முனைகளை விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் ஓடுகிறது. வராவிட்டால் பாட்டில் மூடி சரியாகத் திருகப்படவில்லை, அல்லது குழாய் எங்கோ மடங்கியோ கட்டில் காலுக்கு அடியில் நசுங்கியோ இருக்கிறது. கருவியிலிருந்து மூக்குவரை கையாலேயே தடவிக்கொண்டு வாருங்கள். மூக்குக் குழாயை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், சளிக்காய்ச்சல் வந்து போன பிறகும் மாற்றிவிடுங்கள்.

விமானத்தில் போகலாமா?

மருத்துவரின் அனுமதியில்லாமல் டிக்கெட் எடுக்காதீர்கள். பறக்கும்போது விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 1800 முதல் 2400 மீட்டர் உயர மலையில் இருப்பதுபோல் இருக்கும், ஆக்சிஜன் எண் இறங்கும். சொந்தச் சிலிண்டரை ஏற்ற விடமாட்டார்கள். விமான நிறுவனம் ஏற்கும் கையடக்கக் கான்சென்ட்ரேட்டரும் பயண நேரத்தைத் தாண்டித் தாங்கும் பேட்டரிகளும் வேண்டும். காரில் என்றால் சிலிண்டர் உருளாமல் கட்டி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் சிலிண்டரை விட்டுப் போகாதீர்கள்.

எப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

சரியாக அளந்தும், எழுதிக்கொடுத்த ஆக்சிஜன் ஓடியும், எண் குறித்த எல்லைக்குக் கீழேயே நின்றால். உதடோ நாக்கோ நீலம் பாரித்தால். ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் முடிக்க முடியாவிட்டால். மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினால். நெஞ்சுவலி, புதிதாக வந்த குழப்பம், எழுப்பினாலும் எழாத மயக்கம் இருந்தால். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், மற்றதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிமிர்த்தி உட்கார வையுங்கள், ஆக்சிஜனை நிறுத்தாதீர்கள், என்ன செய்வதென்று போனில் அவர்களிடமே கேளுங்கள். எத்தனை லிட்டர் ஓடியது, எப்போதிலிருந்து என்பதை வருபவர்களிடம் சொல்லுங்கள். சி.ஓ.பி.டி. நோயாளி என்றால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இப்போது 96 வருகிறது. நிறுத்திவிடலாமா?

அந்த 96 ஆக்சிஜன் ஓடும்போது வந்ததா, நிறுத்திய பிறகு வந்ததா? பெரும்பாலும் ஓடும்போதுதான். மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது புதிதாக ஆக்சிஜன் எழுதிக்கொடுத்திருந்தால், இரண்டு மூன்று மாதங்களுக்குள் மறுபரிசோதனை உண்டு. பலருக்கு அப்போது உண்மையாகவே நிறுத்திவிடுவார்கள். அதுவரை ஒரு நோட்டில் தினமும் காலை, மாலை எழுதிவாருங்கள்: நேரம், எத்தனை லிட்டர், உட்கார்ந்திருந்தாரா நடந்து வந்தாரா, எண், நாடித்துடிப்பு, ஆள் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி. அந்த நோட்டோடு போங்கள். ஆக்சிஜன் இல்லாமல் உட்காரவைத்து, பிறகு ஆறு நிமிடம் நடக்கவைத்து அளந்து பார்த்துத்தான் மருத்துவர் முடிவு சொல்வார்.